வட்டமிட்ட இடமெல்லாம் பூ

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஸின்னெர்ட் பீங்கான் ஆலையின் மாதிரி அறையில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். நீள மேசையின் தலைமாட்டில், தன் தகப்பனாரின் எண்ணெய்ச் சித்திரத்துக்கு நேர் கீழே, முதலாளி ஓட்டோகார் ஸின்னெர்ட். அவருக்கு வலப்பக்கம், வெளிச்சம் முகத்தில் விழாத நாற்காலியாகப் பார்த்து, சரக்கு விற்க ஊர் ஊராகப் போகும் க்னௌட். இடப்பக்கம் வண்ணக்கூடத்து மேஸ்திரி ஓஷ்மான். நாற்காலியை மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக் கால் மேல் கால் போட்டிருந்தார். ஜன்னலோரம், தரம் பிரிக்கும் அறையின் தலைவி அகாதே. மேசையின் கால்மாட்டில், கதவிடுக்குக் காற்று பிடரியில் அடிக்கும் இடத்தில், சாமான்களுக்கு வடிவம் செய்கிற தெக்லா. அகாதே தெக்லாவுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. தெக்லா பட்டணத்துக் கலைப் பள்ளியிலிருந்து தலைமுடியைக் காதளவு வெட்டிக்கொண்டு ஊர் திரும்பிய நாளிலிருந்து, வேலை விஷயம் தவிர இருவருக்கும் பேச்சு கிடையாது.

மேசை நடுவில், பச்சை விரிப்பின் மேல், ஆறு காபிக் கெண்டிகள். ஆறும் தெக்லா செய்த ஒரே வடிவம். பொன் விளிம்பு இல்லை, கொடி இல்லை, நெளிவு இல்லை, வெறும் வெள்ளை. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நான்கு கெண்டிகளில் நீலப் பூ பூத்திருந்தது.

"இது யார் செஞ்ச வேலை?" என்றாள் தெக்லா.

"பூ பூத்திருந்தா யார் செஞ்சதுன்னு கேப்பாங்களா அம்மணி? கடவுள் செஞ்சது," என்றார் ஓஷ்மான்.

"உங்க கூடத்துத் தூரிகை, மேஸ்திரி."

"தூரிகை எங்களுதுதான். இல்லேன்னா சொன்னேன்? நல்லாத்தானே இருக்கு. மொட்டைத் தலையில பூ வெச்ச மாதிரி." சொல்லிவிட்டு அவள் காதளவு முடியை ஒரு தரம் பார்த்தார். க்னௌட் மூக்கால் சிரித்தான்.

பாசல் நகரத்துக் கூட்டுறவுப் பண்டகசாலையிலிருந்து மூன்று வாரம் முன்பு கடிதம் வந்திருந்தது. படம் எதுவும் இல்லாத வெள்ளைக் கெண்டி வேண்டும். தங்கள் கடைகள் அத்தனையிலும் வைப்போம். மாதிரிக்கு ஆறு அனுப்புங்கள். பொறுக்கி எடுக்காமல், சூளையிலிருந்து வந்த வரிசையில் முதல் ஆறு. பதினொன்று நாற்பது ரயிலில் இன்று போகவேண்டும். பாசல் சரி என்றால் தெக்லாவின் வடிவம் பிழைக்கும். வேண்டாம் என்றால் இந்த மாதக் கடைசியோடு அவள் வேலை முடிந்தது. முதலாளி இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷத்தில், ஆலைக்கு ஆலை ஆள் குறைத்துக்கொண்டிருந்த அந்த மார்ச் மாதத்தில், வடிவம் செய்யும் ஒரு பெண்ணுக்கு வேறு எங்கே கதவு திறக்கும்?

"வேணும்னே செஞ்சிருக்கீங்க," என்றாள். "பாசல் போனா உங்க கூடத்துக்கு வேலை குறையும்னு பயம். அதனால கெடுத்திருக்கீங்க."

ஓஷ்மான் மேலே இருந்த காலை இறக்கித் தரையில் வைத்தார். "முப்பத்தேழு வருஷம். என்னைக் குடிகாரன்னு சொல்லு, ஆமாம்பேன். சாமானைக் கெடுத்தவன்னு மட்டும் சொன்னா..."

முதலாளி பென்சிலால் மேசையைத் தட்டினார். "சண்டை அப்புறம். முதல்ல ஊத்திப் பாருங்க. க்னௌட்!"

அது அவர் தகப்பனார் காலத்து வழக்கம். எந்தப் புதுக் கெண்டியானாலும் வெந்நீரை நிரப்பி, மை ஒற்றும் தாளின் மேல் பிடித்து ஊற்றி நிறுத்துவார்கள். நிறுத்தும்போது மூக்கிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தால் அந்த வடிவம் செத்தது, மறுபேச்சு இல்லை. க்னௌட் ஊற்றினான். வெடுக்கென்று நிறுத்தினான். விழவில்லை. மெல்லச் சாய்த்து மெல்ல நிமிர்த்தினான். விழவில்லை. மூன்றாம் முறை கெண்டியைத் தலைகீழாகவே கவிழ்த்துவிடுவான் போலச் சாய்த்தான். மூடிகூட அசையாமல் உட்கார்ந்திருந்தது. தாள் காய்ந்து கிடந்தது.

"மூக்கைக் குறை சொல்ல முடியாது," என்று ஒப்புக்கொண்டான். "மூக்குக்குக் கீழ ஒரு வண்டுகூட இருக்கு."

இருந்தது. சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த சின்ன வண்டு.

ஜன்னலோரத்திலிருந்து அகாதே பேசினாள். "மேஸ்திரிய விடுங்க. வட்டம் போட்டது நான்."

அந்த ஆலையில் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் தரம் பிரிக்கும் பெண்கள் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். வெள்ளையில் எங்காவது கருப்புப் புள்ளி தென்பட்டால் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இடப்பக்கத் தட்டில் வைப்பார்கள். அந்தத் தட்டு வண்ணக்கூடத்துக்குப் போகும். அங்கே வட்டம் கண்ட இடத்தில் பூ; புள்ளி சிறியதென்றால் ஓர் இலை; பூ உட்கார முடியாத மூக்கடியோ பிடியடியோ என்றால் ஒரு வண்டு. மறுபடி சூட்டில் வைத்து எடுத்தால் பென்சில் எரிந்து போயிருக்கும், பூ நின்றிருக்கும். ஸின்னெர்ட் ஆலையின் 'சிதறு பூ' என்று பெயர் பெற்ற வேலை அதுதான். கையால் அள்ளித் தூவின மாதிரி எவ்வளவு இயல்பாக விழுந்திருக்கிறது என்று வாங்குகிறவர்கள் மெச்சுவார்கள்.

"அத்தை, தொடாதேன்னு சொல்லித்தானே வெச்சேன்?"

"தொடலையே. பாத்தேன். பாக்காம எப்படி எண்றது? முப்பத்தோரு வருஷமா கண்ணு பாத்தா கை வட்டம் போடுது. உன்னைக் கேட்டுட்டா போடும்?"

"இடப்பக்கத் தட்டுல வெச்சது?"

"அதுவும் கைதான். என்னை வேலைய விட்டு எடுக்கச் சொல்லு. முதலாளி இங்கதானே இருக்கார்."

ஓஷ்மான் நாற்காலியை இப்போது மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி அம்மணி. மன்னிப்பு எப்பக் கேப்பீங்க? இப்பவா, சாப்பாட்டுக்கு அப்புறமா?"

தெக்லா கெண்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க மனம் வரவில்லை.

"கேக்க மாட்டா," என்றார் ஓஷ்மான், மற்றவர்களைப் பார்த்து. "அந்தச் சுவர்ப் பலகையைப் பாருங்க. முதலாளியோட அப்பாவோட அப்பா காலத்துலேருந்து புது வடிவம் வந்தப்பல்லாம் ஒரு கோப்பை. ரோஜா மொட்டு வந்துது, போச்சு. கோட்டையும் பொன்னும் வந்துது, போச்சு. அல்லித்தண்டை முறுக்கிப் பிடி வெச்சோம், அதுவும் போச்சு. போன வருஷம் முக்கோணம் முக்கோணமா தெளிச்சோம். வடிவம் வரும், போகும். ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு பொம்பளை கை இருந்துது. என் கூடத்துல நாப்பத்தாறு பேர். உன் வெள்ளையில அவங்க எங்க உக்காருவாங்க? சொல்லு. மூடி மேலயா?"

தெக்லாவின் குரல் உயர்ந்தது. "காபி ஊத்தத்தான் கெண்டி. பூவுக்குத் தண்ணி ஊத்தறதுக்கில்ல. பாசல்காரன் கேக்கறது வெள்ளை."

"வெள்ளை!" என்று க்னௌட் குறுக்கே வந்தான். "தங்கச்சி, கணக்கா பேசுவோம். இந்தச் சூளையில உன் கெண்டி எத்தனை போச்சு? அறுபது. புள்ளி இல்லாம வந்தது?"

"ஒம்பது," என்றாள் அகாதே, யாரும் தன்னைக் கேட்காமலே.

"ஒம்பது! மீதிய எந்தப் பாவாடைக்குள்ள ஒளிப்பே? பூ போட்டா அறுபதும் விலை போகும். வெள்ளைங்கறது பணக்காரன் சாமான். உங்க பள்ளிக்கூடத்துல அதை ஏழை வீட்டுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்களாக்கும்."

தெக்லா பூத்த கெண்டி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். நான்கு பூ, இரண்டு இலை. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு புள்ளி. இத்தனையா?

"இந்தப் புள்ளி எங்கேருந்து வருது?" என்று கேட்டாள்.

"மண்ணுலேருந்து," என்றான் க்னௌட்.

"சூளையிலேருந்து," என்றாள் அகாதே.

"எங்கேருந்து வந்தா எனக்கென்ன," என்றார் ஓஷ்மான். "வட்டம் வரும். பூ போகும்."

"அது கீழ இருக்கறவங்க பாடு," என்றார் முதலாளி. ஒன்பது மணி அடித்தது. காலைப் பலகாரத்துக்கு அரைமணி நேரம். "ஒன்பதரைக்கு எல்லாரும் இங்க இருக்கணும்."

தெக்லா பலகாரத்துக்குப் போகவில்லை. முற்றத்தைக் கடந்து மண்கூழ் கரைக்கும் கொட்டகைக்கு நடந்தாள். பின்னால் மரக்கட்டைச் செருப்பின் சத்தம் கேட்டது. அகாதே.

"நீ எதுக்கு வர்றே?"

"இன்னும் யாரையாவது பழி சொல்லப் போறே. சாட்சிக்கு ஒரு ஆள் வேணாமா?"

கொட்டகையில் அரைத்த மண்ணும் கல்பொடியும் நீரில் கரைந்து, பால் மாதிரி, ஒரு மரக் கால்வாய் வழியே தொட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூழ்க்காரன் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியில் ஈரல் மசியல் பூசித் தின்றுகொண்டிருந்தான். தெக்லா கால்வாய் நெடுகப் பார்த்துக்கொண்டே போனாள். பாதி வழியில் ஒரு மரமூடி. விளிம்பெல்லாம் மண் காய்ந்து கல்லாகியிருந்தது.

"இது என்ன?"

"அதுவா? காந்தம்," என்றான் அவன், வாயில் ரொட்டியோடு. "இரும்புத் தூளைப் பிடிக்கறதுக்கு."

தெக்லா சட்டைப் பையிலிருந்த செதுக்குக் கரண்டியால் மூடியைச் சுற்றி நெம்பினாள். மூடி மடேரென்று பெயர்ந்து வந்தது. உள்ளே குதிரை லாடம் போன்ற காந்தங்கள் வரிசையாக இருந்திருக்க வேண்டும். இருந்தவை கருப்பு முள்ளம்பன்றிகள். அரை விரல் கனத்துக்கு இரும்புத் தூள் அப்பி, சேறாகி, அதன் மேல் இன்னும் அப்பி, பிடித்துக்கொள்ள இடம் இல்லாமல் கொத்துக் கொத்தாகக் கூழிலேயே திரும்ப உதிர்ந்துகொண்டிருந்தது.

"யார் துடைக்கறது இதை?"

"துடைக்கறதுக்குன்னே ஒரு ஆள் இருந்தான். ஒவ்வொரு வேளையும் கம்பளித் துணியால துடைப்பான். பதினாலுல சண்டைக்குப் போனான். வரல."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் என்கிட்ட சொல்லல."

"பதினேழு வருஷமா?"

"மேலேருந்து ஒரு புகார்கூட வரலையே அம்மணி," என்றான் கூழ்க்காரன். உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "சாமான்ல புள்ளி விழுந்திருந்தா நீங்க கத்தியிருக்க மாட்டீங்களா?"

தெக்லா திரும்பிப் பார்த்தாள். அகாதே கால்வாய் ஓரத்தில் நின்று, தன் வலக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பென்சில் பிடித்த தழும்பு பட்டாணி அளவுக்கு இருந்தது.

"என்னைப் பாக்காதே," என்றாள் அகாதே. "என் வேலை வட்டம் போடறது. நான் போட்டேன்."

ஒன்பதரைக்கு தெக்லா மாதிரி அறைக்குள் நுழைந்து, ஒரு காந்தத்தைப் பச்சை விரிப்பின் மேல் வைத்தாள். கருஞ்சேறு விரிப்பில் வழிந்தது. நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்தும் உட்காரவில்லை. சுவர்ப் பலகைக்குப் போய்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வருஷத்தைப் படித்து, எண்ண ஆரம்பித்தாள்.

"எண்பத்தேழு. மூணு பூ. தொண்ணூத்தொம்பது. ரெண்டு பூ. தொள்ளாயிரத்துப் பத்து. மூணு." கோப்பையைப் பலகையில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் டக்கென்று சத்தம் கேட்டது. "பத்தொம்பது. ஏழு. இருபத்திரண்டு. பதிமூணு. போன வருஷம், முக்கோணத்தோட சேத்துப் பத்தொம்பது. அழுக்கு ஏற ஏற பூ ஏறியிருக்கு."

ஆலையின் விற்பனைப் புத்தகத்தில், 'போருக்குப் பிந்தைய இல்லம் செழிப்பை நாடுகிறது. எனவே எங்கள் பூக்களும் பெருகின' என்று எழுதியவன் க்னௌட். அதை வாசித்த கடைக்காரர்கள் மற்ற ஆலைகளிடமும் அப்படியே அடர்த்தியாகப் பூ கேட்டார்கள். மற்ற ஆலைகளும் போட்டன. க்னௌட்டின் கழுத்து கீழிருந்து மேலாகச் சிவந்தது.

"எண்ணிட்டியா?" என்றார் முதலாளி. குரல் தணிந்திருந்தது, அவர் கோபத்தில் அது மோசமான ரகம். "எங்க அப்பா பேரை அழுக்கோட சேத்து எண்ணிட்டே. திருப்திதானே? இப்ப நான் சொல்றதைக் கேளு. காந்தத்தை இன்னிக்கே துடைக்கணும். வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது. அந்த ஒம்பதுல ஆறைப் பொறுக்கிப் பெட்டியில வை. கூட வைக்கற கடுதாசிய நீயே எழுது. சூளையிலேருந்து வந்த வரிசையில எடுத்ததுன்னு."

"அது பொய்."

"உன் கெண்டியப் பிழைக்க வைக்கற பொய்."

தெக்லா உட்கார்ந்தாள். தாளை இழுத்தாள். எழுதினாள். எழுதும்போது க்னௌட் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தான், அவள் முடித்ததும், "ஐயய்யோ, இவ என்ன எழுதறா பாருங்க!" என்று தாளைப் பறித்து முதலாளியிடம் நீட்டினான். முதலாளி வாய்விட்டுப் படித்தார்:

"'கேட்டபடி வரிசையில் முதல் ஆறு கெண்டிகளை அனுப்புகிறோம். நான்கில் பூ இருக்கிறது. பூ இருக்கும் இடமெல்லாம் அடியில் இரும்புப் புள்ளி இருக்கிறது. எங்கள் பழக்கத்தால் அதை மூடிவிட்டோம். அறுபதில் ஒன்பதுதான் குறையில்லாமல் வந்தன. காரணத்தை இன்று கண்டுபிடித்தோம். எங்கள் காந்தம் பதினேழு வருஷம் துடைக்கப்படவில்லை. இன்றே துடைக்கிறோம். ஏப்ரல் பதினான்காம் தேதி அடுத்த சூளை திறக்கும். உங்கள் ஆள் வந்து, தன் கையால் எந்த ஆறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.'"

"கிழிச்சுப் போடுங்க முதலாளி," என்றான் க்னௌட். "இதைப் படிச்சா நம்ம பூப்போட்ட தட்டு வாங்கறவன்கூட ஓடிப்போவான்."

"நான் அனுப்புங்கன்னு சொல்வேன்," என்றார் ஓஷ்மான்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். தெக்லாதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"ஆமா, எனக்கு அது தோத்துப் போகணும்," என்றார் அவர், அவள் கண்ணை நேரே பார்த்து. "இதைப் படிச்சதும் பாசல்காரன் மூக்கைப் பொத்திப்பான். வெள்ளை ஒழியும். என் பொம்பளைங்க பிழைப்பாங்க. இந்தம்மா மூட்டையக் கட்டுவாங்க. ஆனா பொறுக்கி அனுப்பினீங்கன்னா, அவன் நம்பி ஆர்டர் போடுவான், உங்களால குடுக்க முடியாது, திருப்பி அனுப்புவான். திருப்பி அனுப்பறவன் பூப்போட்டதையும் சேத்து அனுப்புவான். அப்ப என் கூடமும் மூடும். இவ பொய் சொல்லலைங்கறது இன்னிக்கு எனக்கு நல்லதுதான்."

"அடுத்த சூளை சுத்தமா வந்துச்சுன்னா?" என்றாள் தெக்லா.

"வரட்டும். பதினேழு வருஷ அழுக்கு ஒரே சூளையில போயிடுமா? பாக்கலாம் அம்மணி. அன்னிக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். மன்னிப்பையும் அன்னிக்கே வாங்கிக்கறேன்."

முதலாளி தகப்பனாரின் சித்திரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடிதத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை மனதுக்குள், படித்தார். பூப்போட்ட தட்டுகளும் ஏற்கெனவே பாசலுக்குப் போகின்றன என்பதை யோசித்திருப்பார். பேனாவை மையில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டார். நிப்பு தாளைக் கீறியது.

"வேண்டாம்னு பதில் வந்தா, அதே தபால் வண்டியில நீ கிளம்பறே," என்றார். "வேணும்னு வந்தா, உன்னைத் தினம் நான் பாத்துத் தொலைக்கணும். எது மோசம்னு எனக்கே தெரியல."

வண்டிக்காரன் முற்றத்தில் குதிரையைப் பூட்டிவிட்டான். பதினொன்று நாற்பதுக்கு முன்னால் நிலையம் போக வேண்டும். தெக்லா ஆறு கெண்டிகளையும் வைக்கோலில் புதைத்தாள். பூத்த நான்கும் மேலே தெரியும்படி, வெள்ளை இரண்டும் நடுவில். மன்னிப்பு கேட்க இப்போதும் நேரம் இருந்தது. ஓஷ்மான் கதவருகேதான் நின்றிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள். மூடியை அறைந்தாள்.

கடிதத்தை மடித்து உறையில் இட்டது அகாதே. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மேசையில் கிடந்ததைக் கை எடுத்துக்கொண்டது. சிவப்பு அரக்கை விளக்கில் காட்டி உறையின் வாயில் சொட்டவிட்டாள். ஆலையின் முத்திரையை அழுத்தினாள். தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வேறு எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது.

"அரக்குல ஒரு கருப்புப் புள்ளி இருக்கு," என்றாள். "வட்டம் போடட்டுமாடி?"

"குடு இப்படி," என்றாள் தெக்லா.

உறையைப் பிடுங்கி, முற்றத்தில் இறங்கி, வண்டிக்காரன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு குதிரையைத் தட்டினான்.